கார் குடிக்காத பெற்றோல்

ஐயாத்துரையின் உயிருக்குக் கேட்ட விலை பதினையாயிரம் ரூபா. சிற்றம்பலம் அதை ஒன்பதினாயிரத்துக்குக் குறைத்தார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம். பெற்றோல் ஷெட்டுகளுக்கு முன்னால் வெறும் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கறுப்புச் சந்தையில் லீற்றர் இரண்டாயிரத்தைந்நூறுக்குப் போனது. உருத்திரபுரத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, சிற்றம்பலத்தின் மனைவி கமலாசனியின் தம்பி ஐயாத்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தார். கலியாணம் கட்டாமல் அக்காவோடே இருந்துவிட்ட மனிதர். அம்புலன்ஸ் வேறொரு நோயாளிக்காகப் பூநகரிப் பக்கம் போயிருந்தது. வீட்டு மோட்டார் சைக்கிளில் மணத்துக்குக்கூடப் பெற்றோல் இல்லை. அந்த ஒழுங்கையில் பெற்றோல் வைத்திருந்தவன் ஓட்டோக்காரன் சுடலைமுத்து ஒருவன்தான். எட்டுக் கிலோமீற்றரில் இருக்கும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அவன் பதினையாயிரம் கேட்டான்.

சிற்றம்பலம் கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். தகப்பன் வியாபாரி, தகப்பனின் தகப்பனும் வியாபாரி. சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குவதென்பது அவருக்கு வேட்டியில்லாமல் தெருவில் இறங்குவது மாதிரி. மச்சானில் அவருக்குக் கோபமில்லை, கையில் காசில்லாமலும் இல்லை. வாய் தன்பாட்டில் பேரம் பேசிற்று. சுடலைமுத்து பதின்மூன்றுக்கு வந்தான், பதினொன்றுக்கு வந்தான், போகிறேன் என்று திரும்பி நடந்தான், பிறகு ஒன்பதுக்கு வந்தான். பன்னிரண்டு நிமிஷம். தம்பியின் தலையை மடியில் வைத்திருந்த கமலாசனிக்கு நேர் எதிரே சுவர் மணிக்கூடு இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு அரைக் கட்டை தூரம் இருக்கும்போது ஐயாத்துரை முடிந்துபோனார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னார்கள். சொன்னவர் யாரென்று சிற்றம்பலத்துக்கு நினைவில்லை. அதைக் கேட்டபோது கமலாசனி தன்னைப் பார்க்காமல் ஓட்டோவின் மீற்றரைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். சண்டையென்றால் எதிராளி ஒரு விலை சொல்லுவான், இழுத்துப் பறித்து எங்கேயோ ஓரிடத்தில் முடிக்கலாம். இவள் விலையே சொல்லவில்லை. மூன்று நேரமும் சோறு போட்டாள், ஷேர்ட் மடித்து வைத்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தாள். தம்பியின் அறையைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

கார் வாங்கியது அதற்காகத்தான். ஊருக்கு அவர் வேறு காரணம் சொன்னார்.

நாட்டைவிட்டுப் போகவிருந்த ஒரு கொழும்பு வியாபாரியிடம் அது இருந்தது. வெளியில் பார்த்தால் அடக்கமான குடும்பக் கார். நீண்ட பின்பக்கம், குழந்தை இருக்கை கொழுவ வளையம், பால்போத்தல் வைக்கக் குழி. முன்மூடியைத் திறந்தால் முந்நூறு குதிரைவலு. சிற்றம்பலம் எஞ்சினைப் பெரிதாகப் பார்க்கவில்லை. பின்னிருக்கைகளை மடிக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி மல்லாந்து படுத்துப் பார்த்தார். கால் நீட்ட இடமிருந்தது. ஐயாத்துரை அவரைவிட இரண்டு அங்குலம்தான் உயரம்.

"என்ன ஐயா, காரிலையோ படுக்கப் போறியள்?" என்றான் விற்கிறவன்.

"ஆருக்காவது தேவைப்படும், தம்பி" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டு லட்சம் குறைத்தார்.

கொண்டுவந்த மறுநாளே மனைவியை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிக் காட்டினார். வாய்க்கால் கரையில் நின்ற மாடுகள் தலையைத் திருப்புவதற்குள் கார் அவற்றைக் கடந்துவிட்டது. "ஏழு நிமிஷம், கமலா" என்றார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான், காருக்கு இல்லை.

கமலாசனி முன்னால் எரிந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெற்றோல் இருந்தால்" என்றாள்.

அந்த வார்த்தையை அவர் அன்றைக்குச் சரியாக நிறுக்கவில்லை.

இந்த வருஷம் தை மாதம், வவுனியாவில் இருக்கும் மகள் மேனுகா மாசமாக இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அதே மாதம் கமலாசனி கார் ஓட்டும் அனுமதிப் பத்திரம் எடுத்தாள். ஐம்பத்துநாலு வயதில், யாரிடமும் சொல்லாமல், முதல் தடவையிலேயே. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்வரக் காரை அவளே எடுத்தாள். ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை பெற்றோலும் அவளே அடித்தாள். தொண்ணூற்றைந்து ஒக்டேன், அந்தக் கார் மற்றதைத் தொடாது. பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். சிற்றம்பலம் அதைக் கம்பியில் குத்திவிட்டுக் கொப்பியில் எழுதுவார்.

மாசி மாதமே கணக்கு இடித்தது.

காரோடு வந்த புத்தகம், லீற்றருக்குப் பன்னிரண்டரைக் கிலோமீற்றர் என்று சொன்னது. காரின் கண்ணாடித் திரை ஒன்பது தசம் இரண்டு என்று காட்டியது. ஓடிய தூரத்தைப் பில்லால் பிரித்தால் ஏழரையும் சில்லறையும் வந்தது. ஒரே சாமானுக்கு மூன்று கடையில் மூன்று விலை, இது சிற்றம்பலத்துக்குப் பழகிப்போன சங்கதி. புத்தகம் விற்கிறவன் எழுதியது, அதை விடுவோம். திரையும் விற்கிறவன் வைத்ததுதானே? பில் காசு கொடுத்து வாங்கியது. அவர் பில்லை நம்பினார்.

"நீர் காலை நல்லா அமத்திறீர் போலை" என்றார் ஒருநாள் சாப்பாட்டில்.

"நாப்பதுக்கு மேலை நான் போறேல்லை."

"பிறகேன் ஏழரை குடிக்குது?"

"முந்நூறு குதிரை எண்டு சொல்லி வாங்கினது நீங்கள்தானே. குதிரைக்குத் தீன் வேண்டாமே?"

"அப்ப உந்தத் திரை ஏன் ஒன்பது எண்டு காட்டுது? பொய்யே?"

கமலாசனி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "கார் பொய் சொல்லாது. நீங்கள் வடிவாக் கணக்குப் பாருங்கோ."

அவர் பார்த்தார். சித்திரையில் பார்த்தார், வைகாசியில் பார்த்தார். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து லீற்றரும் கொஞ்சமும் இடித்தது. ஒழுகினால் ஒருநாளைக்குக் கூடவும் ஒருநாளைக்குக் குறையவும் இருக்கும். இது சம்பளம் மாதிரி ஒழுங்காகப் போனது. அந்த ஒழுங்குதான் அவருக்கு முதுகில் ஊர்ந்தது.

ஆனி முடிவில் மேனுகா பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதம். வந்த முதல் நாளே வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, வீட்டுக்குள்ளை என்னவோ மணக்குது."

"என்னட்டைக் கேட்டு என்ன, பிள்ளை? என்ரை மூக்கு கொரோனாவோடை போட்டுது." அது உண்மை. நான்கு வருஷமாக அவருக்குக் கருவாடும் சந்தனமும் ஒன்று.

"மாசமா இருக்கேக்கை எல்லாம் மணக்கும்" என்றாள் கமலாசனி குசினியிலிருந்து. "நான் உன்னைச் சுமக்கேக்கை எனக்குச் சுண்ணாம்புச் சுவர் மணந்தது."

மேனுகாவுக்குத் தலையிடி தொடங்கியது. இரவில் யன்னலைத் திறந்துவைத்துப் படுத்தாள். காலையில் முற்றத்துக்கு வந்தால் தலையிடி நின்றது, உள்ளே போனால் திரும்பி வந்தது. ஐயாத்துரையின் அறை யன்னற்படியில் வருஷக்கணக்காகப் படுத்த பூனை இடம் மாறி விறகுக் குவியலுக்குப் போய்விட்டது. சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு நாள் முழுக்க அடித்தது. சருகு காய்ந்து நொறுங்கியது. பீடி குடித்தபடி வந்த பால்காரனை வாசலிலேயே நிறுத்தி, "அதை அணைச்சுப்போட்டு வாரும்" என்றாள் கமலாசனி. அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அவள் அந்த அறையைத் திறந்து உள்ளே போவாள். கதவு சாத்தப்படும். கீழிடுக்கில் செம்மையாக ஒரு வெளிச்சம் தெரியும். தம்பியின் படத்துக்கு விளக்கு வைக்கிறாள். சிற்றம்பலம் அந்த நேரத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். மூன்று வருஷமாக அவர் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

ஆடி பிறந்ததும் காரை நிருஷனின் கராஜுக்குக் கொண்டுபோனார். நிருஷன் சின்னப் பொடியன்தான், ஆனால் கிளிநொச்சியில் கணினி பொருத்திக் கார் பார்க்கிறவர்களில் கெட்டிக்காரன். காருக்குக் கீழே படுத்தான், குழாய்களைத் தடவினான், கணினியைப் பார்த்தான்.

"முதலாளி, ஒரு சொட்டு ஒழுக்கில்லை. திரை சொல்லுறது சரி."

"அப்ப என்ரை பில்லுப் பிழையோ?"

"பிரச்சினை என்னெண்டால், நீங்கள் ரண்டு பேரும் சரி. வாங்கோ, ஓடிப் பாப்பம்."

கழுத்து முட்ட அடித்தார்கள். புதுக்குடியிருப்புக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோமீற்றர். அதே ஷெட்டில் அதே குழாயில் மறுபடி கழுத்து முட்ட அடித்தபோது எண் பத்தில் நின்றது. ஒன்பது தசம் இரண்டு. திரையும் பில்லும் முதல் தடவையாகக் கைகுலுக்கின.

நிருஷன் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"முதலாளி, கார் குடிக்கேல்லை. ஆரோ எடுக்கினம்."

சிற்றம்பலம் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தார். அன்றைய ஓட்டத்தையும் பில்லையும் தள்ளிவிட்டால், தையிலிருந்து ஓடியது மூவாயிரத்து நூற்றிருபத்தெட்டுக் கிலோமீற்றர். அதற்குக் கார் குடித்திருக்க வேண்டியது முந்நூற்று நாற்பது லீற்றர். பில்கள் பதின்மூன்று, கூட்டினால் நானூற்றெட்டு. அறுபத்தெட்டு லீற்றர் எங்கேயோ போயிருக்கிறது. ஷெட்காரன் அளவில் அடிக்கிறான் என்று தீர்மானித்தார். தனக்குத் தெரிந்த களவு என்றபடியால் அது மனதுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

மறுநாள் ஐயாத்துரையின் திவசம்.

காலையில் ஐயர் வந்து தர்ப்பணம் முடித்துப் போனார். மத்தியானம் படையல். சொந்தக்காரர் முப்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். முற்றத்தில் மூன்று கல்லடுப்பு, சோளகத்துக்குத் தகரம் மறைத்து எரிந்தது. கற்பூரம் போதாது, தயிர் போதாது என்று கமலாசனி அவரைக் கிளிநொச்சி ரவுணுக்கு அனுப்பினாள். "பன்னிரண்டுக்கு முதல் வந்திடுங்கோ. நீங்கள் வராமல் விளக்குக் கொளுத்தேலாது" என்றாள். அப்படி அவள் அவரை வேண்டும் என்று சொன்னது மூன்று வருஷத்தில் முதல் தடவை. அவருக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது.

தயிரும் கற்பூரமும் வாங்கிவிட்டுத் திரும்பும்போது ஷெட்டுக்குள் காரைத் திருப்பினார். யாராவது கேட்டால் அளந்து காட்ட ஐந்து லீற்றர் அளவுப் பாத்திரம் ஒன்று அங்கே உண்டு. குழாயில் நின்றவள் ஜெயரூபி. கமலாசனியிடம் ஒருகாலம் கணக்குப் படித்தவள்.

"அளந்து காட்டு, பிள்ளை."

அவள் முகம் சுளிக்காமல் அளந்தாள். எண் ஐந்தில் நின்றபோது பெற்றோலும் கோட்டில் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

"சரிதானே, ஐயா? ரீச்சற்றை கானும் இப்பிடித்தான், ஒருநாளும் கோடு தப்பாது."

"எந்தக் கான்?"

"ரீச்சர் கொண்டுவாற அஞ்சு லீற்றர்க் கான். காருக்கு அடிச்சாப்பிறகு அதுக்கும் அடிச்சு ஒரே பில்லாப் போடச் சொல்லுவா. தோட்டத்து மெசினுக்கு எண்டு." ஜெயரூபி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "ஏன் ஐயா, மெசின் பழுதே?"

அவர்களுக்குத் தோட்டம் இல்லை.

பதின்மூன்று பில். பதின்மூன்று ஐந்து அறுபத்தைந்து. கணக்கு முடிந்த இடத்திலேயே மற்றதெல்லாம் தொடங்கியது. மேனுகாவின் தலையிடி. விறகுக்குப் போன பூனை. அணைக்கச் சொன்ன பீடி. பூட்டிய அறை. கீழிடுக்கில் வெள்ளிதோறும் தெரிந்த செம்மை. நீங்கள் வராமல் விளக்குக் கொளுத்தேலாது.

கைத்தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா எங்கை?"

"மாமாவின்ரை அறைக்குள்ளை. படையலை வைச்சிட்டுக் குத்துவிளக்குக்குத் திரி போடுறா. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"நீ எங்கை?"

"வாசற்படியிலை. ஏனப்பா, ஓடி வந்தமாதிரிக் கதைக்கிறியள்?"

"முற்றத்துக்குப் போ. இல்லை, முற்றத்திலை அடுப்பு. தெருவுக்குப் போ. ஒழுங்கை முடக்கு வரைக்கும் நட."

"இந்த வெயிலுக்குள்ளையோ?"

"டொக்டர் நடக்கச் சொன்னவரெல்லே, நட!"

கார் அவருடைய காலுக்குக் கீழே எழும்பியது. வாங்கிய நாளிலிருந்து இதற்காகத்தான் அது காத்திருந்ததோ என்னவோ, முந்நூறு குதிரையும் ஒரே நேரத்தில் நிலத்தை உதைத்தன. தயிர்ச்சட்டி கவிழ்ந்து பின்னால் உருண்டது. வயல்கள் இரு பக்கமும் பச்சைக் கோடாக ஒட்டிப்போயின. திரையில் ஒன்பது எட்டாகி, ஆறாகி, நான்கு தசம் ஒன்றில் நின்றது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கென்று வாங்கிய கார் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வீட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு முடக்கிலும் அவர் வீட்டுத் திசையில் வானத்தைப் பார்த்தார். ஒரு தடவை புகை தெரிந்தது. கல்லடுப்பின் புகை என்று தனக்குத்தானே சொன்னார். வாய் நம்பியது, கால் நம்பவில்லை.

ஆறரை நிமிஷம்.

மேனுகா ஒழுங்கை முடக்கில் குடையோடு நின்று ஏதோ கேட்டாள். அவர் நிறுத்தவில்லை. முற்றத்தில் காரைப் போட்டுவிட்டுச் சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மூன்று வருஷம் மிதிக்காத வாசற்படியை மிதித்தார்.

கமலாசனி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். குத்துவிளக்கில் எண்ணெயும் திரியும் தயாராக இருந்தன. தட்டில் மிச்சமிருந்த கற்பூரம். கையில் தீப்பெட்டி. ஐயாத்துரையின் படத்துக்கு மேலே சின்னச் சிவப்பு மின்குமிழ் ஒன்று எரிந்தது.

"வந்திட்டியளே" என்றாள். "ஏழு நிமிஷத்திலும் குறைவோ?"

"தீப்பெட்டியைத் தாரும்."

அவள் அவர் கையில் வைத்தாள்.

கட்டிலில் தொங்கிய வெள்ளைத் துணியை அவர் தூக்கிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கான்கள். ஒவ்வொன்றின் மூடியும் பொலித்தீனால் சுற்றி நூலால் கட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் திகதி, ரீச்சரின் உருண்டை எழுத்தில்.

"உமக்கென்ன விசரோ? வெள்ளிக்கு வெள்ளி இதுக்கு முன்னாலையே விளக்குக் கொளுத்தினனீர்?"

"ஆர் கொளுத்தினது?" மேலே எரிந்த குமிழைக் கண்ணால் காட்டினாள். "மூண்டு வருஷமா இதுதான் எரியுது. ஒருக்கா எட்டிப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப இண்டைக்கு? திரியும் எண்ணெயும் ஏன்?"

அவள் சேலைத் தலைப்பால் தம்பியின் படத்தைத் துடைத்தாள்.

"கமலா, ஏன் இதெல்லாம்?"

"மேனுகாவுக்கு அடுத்த மாசம் நாள். நீங்கள் கார் வாங்கினீங்கள். நான் பெற்றோல் வாங்கினனான்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நாளைக்குத் திரும்ப இல்லையெண்டு வந்தால், நீங்கள் ஒழுங்கையிலை நிண்டு ஆரோடையும் விலை பேசத் தேவையில்லை."

அதற்குமேல் அந்த அறைக்குள் அவரால் நிற்க முடியவில்லை. யன்னல்களைத் திறந்தார். கான்களை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு அடுப்புகளுக்கு எதிர்ப்பக்கமாக, வேலிக் கரைக்குக் கொண்டுபோனார். சொந்தத்தில் ஒருவர் கூவினார்: "என்ன அத்தான், தேங்காய் எண்ணெயும் விக்கத் துடங்கியாச்சோ? எனக்கொரு கான் மலிவாத் தாங்கோவன்!" சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். கானுக்குள் பெற்றோல் தளம்பும் சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

பதின்மூன்று கான். அறுபத்தைந்து லீற்றர்.

படையல் விளக்கு முற்றத்தில் கொளுத்தப்பட்டது. சனம் சாப்பிட்டது. பின்னேரம் நான்கு மணிக்கெல்லாம் எல்லோரும் போய்விட்டார்கள். மேனுகா படுத்திருந்தாள், தலையிடி விட்டுவிட்டதாம். சிற்றம்பலம் மேசையில் கொப்பியை விரித்தார். கூட்டினார், கழித்தார். திரும்பக் கூட்டினார்.

கமலாசனி எதிர்க் கதிரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தைஞ்சு வந்திட்டுது" என்றார். "என்ரை கணக்கிலை அறுபத்தெட்டு. மிச்சம் மூண்டு எங்கை?"

"உங்கடை கணக்குப் பிழையாயிருக்கும்."

"பிழையில்லை. மூண்டு தரம் பாத்திட்டன்."

அவள் சிவப்புப் பேனையால் ஒரு பிள்ளையின் விடையைச் சரியென்று போட்டாள். "அப்ப எங்கையாவது இருக்கும்."

"எங்கை?"

"நீங்கள்தானே கணக்குப் பாக்கிறனீங்கள். பாருங்கோவன்."

பார்த்தார். கட்டிலின் கீழ், அலுமாரிக்குள், சாமியறை, குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால். கானாகத் தேடினார், போத்தலாகத் தேடினார், நிலத்தில் ஈரமாகத் தேடினார். குனிந்து குனிந்து மூக்கால் இழுத்தார். செத்த மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று லீற்றர் ஆவியாகப் போயிருக்கலாம். திரை அரைப் புள்ளி கூட்டிக் காட்டியிருக்கலாம். அப்படியென்றால் அவள் ஏன் இல்லையென்று சொல்லவில்லை?

திரும்பி வந்து கதிரையில் இருந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"கமலா. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு."

"எனக்குத் தெரியும்."

"அப்ப சொல்லும். உமக்கு என்ன வேணும்? என்ன வேணுமெண்டாலும் கேளும், தாறன்."

அவள் பேனையை மூடி வைத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள். இவ்வளவு காலம் அவர் காத்திருந்த விலையைச் சொன்னாள்.

"பதினையாயிரம்."

மேசை லாச்சிக்குள் காசு இருந்தது. திவசச் செலவுக்கு எடுத்தது, மிச்சம் இருபதுக்குமேல் இருக்கும். லாச்சியை இழுக்க வேண்டும், எண்ண வேண்டும், அவள் முன்னால் வைக்க வேண்டும். இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. கை லாச்சியின் பிடியில் இருந்தது. அறுபது வருஷத்து வாய், கையை முந்திக்கொண்டது.

"பன்னிரண்டு" என்றது.

சொல் வெளியே விழுந்த சத்தம் அவருக்கே கேட்டது. திருப்பி எடுக்க வழியிருக்கவில்லை. "இல்லை, கமலா, நான்..." என்று லாச்சியை இழுத்தார், அது பாதியில் இறுகியது. கமலாசனி சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. எதிர்பார்த்த விடையைப் பிள்ளை எழுதியிருப்பதைக் கண்ட ரீச்சரின் சிரிப்பு. சுவர் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தாள். எழுந்தாள்.

"தேத்தண்ணி போடுறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

தீப்பெட்டி அவருடைய ஷேர்ட் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தார், இருந்தது. ஆனாலும் குசினிக்குள் ஒரு குச்சி உரசும் சத்தம் கேட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மற்றச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கேத்தல் கொதிக்கத் தொடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பேனையை எடுத்து அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினார்.

வாங்கியது: 408 லீற்றர்.
கார் குடித்தது: 340.
கட்டிலுக்குக் கீழே எடுத்தது: 65.
வரவேண்டியது: 3.